பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி

காலை பத்து ஐம்பத்திரண்டு. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் அறைக் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. கையில் புஷ் எனப்படும் ஒரு பித்தளை வளையம் இருந்தது. அதன் உள்விட்டத்தை அளந்து முடித்து ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் செக்யூரிட்டி சூப்பர்வைசரே படியேறி வந்தார். "சார், உங்க வீட்டம்மாவுக்கு அடிபட்டுடுச்சாம். துப்பாக்கி கிளப்புலேந்து பேசுனாங்க. உடனே கெளம்புங்க" என்றார். "எவ்ளோ அடி?" என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த புஷ்ஷை வாங்கி மேஜைமேல் வைத்தார். நான் அந்த அளவின் மூன்றாவது தசமத்தையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். உன் அம்மா ரெஜினா அதற்குள் இறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட அவள் உயிரோடு போய்ச் சேரவில்லை.

இப்போது உனக்கு நான்கு வயது. இதை உன் இருபத்தொன்றாம் வயதுக்கு எழுதுகிறேன். அந்த வயதில்தான் இந்த நாட்டில் ஒருவன் துப்பாக்கி லைசென்சுக்கு மனு போட முடியும். உன் அம்மாவின் பெயரில் ஒரு பிஸ்டல் இருந்தது என்று அன்றைக்கு யாராவது உன்னிடம் சொல்வார்கள். ஒரு கிழவர் கெட்டுப்போன தோட்டாவை ஏமாற்றி விற்றதால் அவள் செத்தாள் என்றும் சொல்லக்கூடும். அதை நம்பாதே. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. இதில் இருப்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதாது, ஊருக்கும் தெரிய வேண்டும். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

உன் அம்மா ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்லூரியில் படிக்கும்போதே பிஸ்டல் சுடுவதில் பதக்கம் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளப்புக்குப் போய்விடுவாள். நான் கூடப் போய் நிழலில் உட்கார்ந்து, அவள் சுட்ட அட்டைகளை வாங்கி, துளைக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்வேன். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு, "மைக்ரான்" என்பாள். நீ பிறந்த இரண்டாம் நாள் உன் கட்டைவிரல் நகத்தை வெர்னியரில் அளந்தேன். நான்கு புள்ளி இரண்டு மில்லி. கட்டிலில் படுத்தபடியே, "மைக்ரான், புள்ளைக்கு ரிஜெக்ட் கிஜெக்ட் போட்டுடாதீங்க, திருப்பி அனுப்ப முடியாது" என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மா தையல் வலியோடு சிரித்தார். அப்படி ஒரு வீட்டில்தான் நீ பிறந்தாய். அதையும் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எப்போதும் துப்பாக்கியையே பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைப்பாய்.

அந்த பிஸ்டலைப் பற்றிக் கிளப்பில்தான் கேள்விப்பட்டோம். மிஷன் வீதிக்குப் பின்னால் குடியிருந்த அந்துவானை எல்லாரும் முசியே, அதாவது ஐயா, என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. மனைவி இல்லை. ஒரே மகள் பிரான்சில் இருக்கிறாள். அவளோடு போய் இருந்துவிட முடிவுசெய்து வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்தார். அவரிடம் லைசென்சோடு ஒரு பழைய ராணுவ பிஸ்டல் இருந்தது. உலகப் போர்க் காலத்துச் சரக்கு. நாங்கள் பார்க்கப் போன அன்று அவர் அதை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, மேகசினைக் கழற்றி, தோட்டா ஏறும் அறையும் காலி என்று காட்டிவிட்டுத்தான் உன் அம்மா கையில் கொடுத்தார். மெலிந்த பிடி. பெரிய பிஸ்டல்கள் எதுவும் அவள் கைக்கு அடங்காது. இது அடங்கியது. "ஐயோ, எனக்குன்னே செஞ்சா மாரி இருக்கு" என்றாள். முசியே சிரித்தார். "அது உன் ஆயா பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சது மதாம். ஆனா உனக்குத்தான் செஞ்சிருக்கான், ஒத்துக்கறேன்" என்றார். கலெக்டர் ஆபீசில் அனுமதி கிடைக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவள் வாரம் ஒரு முறையாவது அந்தப் பிடியைப் பற்றிப் பேசினாள்.

சிக்கல் அதன் தோட்டா. ஏழு புள்ளி ஆறு ஐந்து மில்லி, நீளமான வகை. ராணுவத்தில் அந்தக் காலத்தில் மட்டும் இருந்தது, பிறகு யாரும் தொடரவில்லை. கடையில் கிடைக்கும் முப்பத்திரண்டு தோட்டா பார்வைக்கு அதன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் மூன்று மில்லி குட்டை, இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. முசியே பிஸ்டலோடு இரண்டு அட்டைப்பெட்டித் தோட்டாக்களையும் லைசென்சில் ஏற்றிக் கொடுத்தார். கொடுத்த நேரத்தில் உன் அம்மா வெளியே ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நானும் அவரும்தான். பெட்டிகளை என் கையில் வைத்தவர் உடனே கையை எடுக்கவில்லை. "தம்பி, இது சுடறதுக்கு இல்ல. அலமாரில வச்சிக்க, அழகுக்கு. மருந்து செத்துப் போச்சி. புது தோட்டா எங்கனா கெடச்சா சுடுங்க, இல்லன்னா வுட்டுடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட மறக்காம சொல்லிடு" என்றார். "சரிங்க முசியே" என்றேன்.

நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. எட்டு மாதம் காத்திருந்தவளிடம், சுட முடியாத ஒரு இரும்புத் துண்டை வாங்கியிருக்கிறோம் என்று அன்றே சொல்ல மனம் வரவில்லை. அதைவிட மோசமான காரணம் ஒன்றும் இருந்தது. தோட்டாவைப் பற்றி இந்தப் பெரியவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் காதால் கேட்டதைச் சொல்கிறார், நான் அளந்து பார்த்துச் சொல்கிறவன்.

முதல் ஞாயிறு இருவரும் போனோம். "இத சுடலாமில்ல?" என்று கேட்டாள். "சுடலாம்" என்றேன். ஆறு தோட்டா ஒழுங்காக வெடித்தன. ஏழாவது ஈரப் பட்டாசு மாதிரி 'டப்' என்று அமுங்கியது. உன் அம்மா உடனே விரலை விசையிலிருந்து எடுத்து, குழலை இலக்குப் பக்கமே வைத்து, பிஸ்டலை மெதுவாக மேஜையில் வைத்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும். நான் குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தேன், அடைப்பு இல்லை. ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் முருகவேல் அண்ணன் வந்து, "பழைய சரக்கு மேடம், இத்தோட போதும். எனக்கு அந்தச் சத்தம் புடிக்கல" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். "மைக்ரான் பாத்து ஓகே சொன்னாதாண்ணே இனிமே. அவரு சொல்லாம ஒரு ரவுண்டுகூட தொட மாட்டேன்" என்றாள். அவள் என்மேல் வைத்த நம்பிக்கை அந்த ஒரு வாக்கியத்தில் முழுசாக இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் தொழிற்சாலை லேபிலிருந்த சின்னத் தராசை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, மீதியிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். நீளம், விட்டம், விளிம்பின் கனம் எல்லாம் அளந்தேன். எடை குறைந்தவை, பச்சை பூத்தவை என்று ஒன்பதைத் தள்ளினேன். மற்றவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, மூடிமேல் எங்கள் தொழிற்சாலையில் தேறிய சாமானுக்கு ஒட்டும் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். விளையாட்டுக்குத்தான். ஆனால் அது முழுக்க விளையாட்டும் இல்லை. உன் அம்மா அதைப் பார்த்து, "இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசரே கையெழுத்து போட்டுட்டாரு, இனி என்னா பயம்" என்று பெட்டிக்கு ஒரு சல்யூட் அடித்தாள். நீயும் அடித்தாய்.

அந்தத் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. குண்டுக்குக் குண்டு, பித்தளைக்குப் பித்தளை உள்ள எடை வித்தியாசமே அதை மறைத்துவிடும். அதோடு, மருந்து எடை குறையாமலே வலு இழக்கும். எந்தத் தராசும் அதைக் காட்டாது. இதெல்லாம் பிறகு நான் படித்தவை. அன்று நான் பார்த்தது எனக்கு அளக்கத் தெரிந்ததை மட்டும். அளக்கத் தெரியாத ஒன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். நீ என்ன வேலைக்குப் போனாலும், உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் தன் எச்சரிக்கையைக் கீழே வைத்துவிடுவார் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளி விடுமுறை. எனக்கு முதல் ஷிப்டு. அவள் பச்சை ஸ்டிக்கர் பெட்டியிலிருந்து பத்துத் தோட்டாவை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, உன்னை உன் ஜெரோம் மாமா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். மாமா அவளுடைய அண்ணன், அது உனக்குத் தெரியும். பிறகு நடந்ததை முருகவேல் அண்ணன் சொல்லித்தான் அறிவேன். இரண்டு நன்றாக வெடித்தன. மூன்றாவது சத்தமே இல்லாமல் அமுங்கியது. மருந்து செத்த தோட்டா குண்டைக் குழலுக்கு வெளியே தள்ளாது, குண்டு பாதியில் நின்றுவிடும். அவர் பத்தடி தள்ளி நின்று, "மேடம், நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறார். அவள் காதில் சத்தத்தை அடைக்கும் மஃப். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைக் கையால் இழுத்து அடுத்ததை ஏற்றிவிட்டாள். போன முறை 'டப்' என்றதும் பிஸ்டலைக் கீழே வைத்தவள் இந்த முறை ஏன் வைக்கவில்லை என்று முருகவேல் அண்ணன் என்னிடம் மூன்று தடவை கேட்டார். பெட்டியின் மூடியில் என் கையெழுத்து இருந்தது. அடைத்த குழலில் அடுத்த குண்டு வெடித்தது. இரும்பு பிளந்து ஒரு துண்டு அவள் கழுத்தில் பாய்ந்தது.

மறுநாள் போலீசார் கருவடிக்குப்பத்தில் நம் வீட்டுக்கு வந்தார்கள். வருகிறோம் என்று அரை மணி நேரம் முன்பு போனில் சொன்னார்கள். அந்த அரை மணி நேரத்தில் நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். அலமாரியைத் திறந்து, பெட்டியின் மூடியிலிருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். ஒட்டு மிச்சம் தெரியாமல் இருக்க ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். சுத்தமாக வந்தது. வேலை தெரிந்தவன் அல்லவா. சப்-இன்ஸ்பெக்டர் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கேட்டார்: "பெரியவரு தோட்டா குடுக்கும்போது எதனா எச்சரிக்கையா சொன்னாரா சார்?" "இல்ல சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். 'இல்ல' என்ற மூன்றெழுத்துப் பேச்சு. அதன்மேல்தான் அந்துவான் முசியேவுக்கு எதிரான வழக்கு நிற்கிறது. பயன்படாத தோட்டா என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தார் என்று எழுதினார்கள். ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் மகளிடம் போகவிருந்த டிக்கெட் காலாவதி ஆனது.

முப்பதாம் நாள் பூசைக்கு அவர் வந்திருந்தார். கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது ஜெரோம் மாமா பார்த்துவிட்டார். "யோவ், இங்க எதுக்கு வந்த? எத்தினி பேரு அழுவறாங்கன்னு எண்ணிப் பாக்க வந்தியா?" என்று கத்தினார். "பூசைக்கி வந்தேன் ஜெரோம். அந்தப் பொண்ணுக்கோசரம்" என்றார் பெரியவர். "செத்த மருந்த தலைல கட்டிட்டு, முசியே பூசைக்கி வராராம்! போய்யா!" கூட்டம் நின்றுவிட்டது. பெரியவர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. நான் சொன்னனா, இல்லியா?" நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் குனிந்து, ஏற்கெனவே ஒட்டியிருந்த உன் செருப்பின் பட்டையை மறுபடியும் ஒட்டினேன். நிமிர்ந்தபோது அவர் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை பிற்பகல் நான் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. கொஞ்ச நாளாக எதுவும் உறைப்பதில்லை. சாப்பிட்டேனா என்று கேட்டால்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. கதவைத் திறந்தவர், "வா தம்பி. புள்ள எப்டி இருக்கான்?" என்றார். திட்டுவார் என்று நினைத்திருந்தேன். ஹாலில் ஒரு பெட்டி பெல்ட் கட்டி நின்றது. நாற்காலியைக்கூட விற்றுவிட்டதால் ஜன்னல் கட்டையில் உட்காரச் சொன்னார். பிறகு அவரே பேசினார். "எனக்கு எண்பத்தொண்ணு. கேசு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன், அத வுடு. எம்பொண்ணு போன்ல கேக்கறா, பப்பா, நீ சொல்ல மறந்துட்டியா, நல்லா யோசிச்சிப் பாருன்னு. அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சி. யோசிச்சி யோசிச்சி இப்ப எனக்கே வந்துடுச்சி. ராத்திரி சாப்ட்டது காலைல ஞாபகம் இல்ல. நான் உங்கிட்ட சொன்னதா நானே கற்பன பண்ணிக்கினனா? அந்தப் பொண்ணு என்னாலதான் செத்துச்சா? நெஜத்த சொல்லு தம்பி. நான் சொன்னனா?"

கோயில் வாசலில் அவர் என்னைச் சாட்சிக்குத்தான் கூப்பிட்டார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது உண்மையான கேள்வி. நான் ஒரு மனிதரின் பாஸ்போர்ட்டைத்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தியையே அவர் சந்தேகப்படும்படி செய்திருக்கிறேன். "சொன்னீங்க முசியே" என்றேன். "அலமாரில வைக்க சொன்னீங்க. அவகிட்ட சொல்ல சொன்னீங்க. நான்தான் சொல்லல." அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "மோன் தியே" என்றார், கடவுளே என்று பிரெஞ்சில். பிறகு, நீ நம்ப மாட்டாய், சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "அப்ப எனக்கு மூள நல்லாத்தான் இருக்குது!" கொஞ்சம் அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கிட்ட சொல்லி என்னா தம்பி. எனக்குத் தெரிஞ்சதையே எங்கிட்ட சொல்ற. எழுதிக்கினாங்களே, அவங்ககிட்ட சொல்லு."

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சில நாளாக நீ இருக்கும் ஜெரோம் மாமா வீட்டுக்குப் போய், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கரையும் சேர்த்து. அடித்தார். அது சரிதான். பிறகு படியில் உட்கார்ந்தார். "சரி மாப்ள. எனக்குத் தெரிஞ்சிடுச்சி. இத்தோட வுடு. கெழவனுக்கு எண்பது வயசு, என்னா பண்ணிடப் போறாங்க அவன? உன்ன உள்ள தூக்கிப் போட்டா புள்ள யாருகிட்ட போவும்? வேல போவும், பேரு போவும்" என்றார். "அவருக்குப் பொண்ணு இருக்குதுங்க, அங்க காத்துக்கினு இருக்குது" என்றேன். "எந்தங்கச்சிகூடதான் வூட்டுக்கு வர்ல!" என்று எழுந்துவிட்டார். "கேட்டுக்க. நாளைக்கு ஸ்டேஷன்ல நீ வாயத் தொறந்தன்னு வையி, புள்ளய மறந்துடு. எந்தங்கச்சிய கொன்னது நான்தான்னு நீயே எழுதிக் குடுத்தப்புறம், அந்தக் கையில நான் புள்ளயக் குடுப்பேனா? கோர்ட்டுக்குப் போவேன்." அவரைத் தவறாக நினைக்காதே. உன்மேல் உயிரை வைத்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்வேன். நீ அந்த வீட்டில் வளர்ந்திருந்தால் நன்றாகவே வளர்ந்திருப்பாய்.

இருபத்தொரு வயதில் உனக்குத் துப்பாக்கி ஆசை வந்தால் தடுக்க மாட்டேன். உன் அம்மாவின் கை உனக்கு இருக்கலாம். தோட்டா இன்றும் புதிதாகக் கிடைக்கும் ஒன்றை வாங்கு. பழையதுதான் வேண்டுமென்றால் சுடாமல் வைத்துக்கொள். சத்தம் மாறினால் அதைக் கீழே வை. யார் ஓகே சொல்லியிருந்தாலும் சரி. உன் அப்பாவே சொல்லியிருந்தாலும் சரி. அதற்கு மேல் உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாகத் தெரியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியது அவளிடம், அவளிடம் கேட்க முடியாது. உன்னிடம் கேட்டால் அவளுடைய பாரத்தை உன் தலையில் ஏற்றியதாகும். நீ தெரிந்துகொண்டால் போதும்.

திங்கட்கிழமை காலை எட்டு இருபது. ஒன்பதரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருக்கிறார். என்ன விஷயம் என்று கேட்டார், முதலில் சொன்னதைத் திருத்த வேண்டும் என்றேன். நடந்ததை மூன்று பக்கம் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை எனக்குத் தெரிந்ததற்கு மட்டும். ஜெரோம் மாமா விடிந்ததிலிருந்து ஐந்து முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஆறாவது அழைப்பை எடுத்தேன். பேசியது நீ. "அப்பா, மாமா உன்ன எங்கியும் போவ வேணாம்னு சொல்ல சொன்னாரு. நீ இங்க வா, தோச இருக்குது" என்றாய். "சரிடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதுதான் நான் உன்னிடம் சொன்ன பொய், இதுவரை ஒன்றே ஒன்று. மாமா மறுபடியும் உன் கையில் போனைக் கொடுப்பார். இன்னொரு முறை உன் குரலைக் கேட்டால் நான் தோசை சாப்பிடத்தான் வருவேன், ஸ்டேஷனுக்குப் போக மாட்டேன். போனை அணைத்துவிட்டேன்.